பேத்தி கேட்ட கேள்வியும் சரபாந்து என்ற ஆட்டமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு காபி குடிக்கும் நேரத்தில் முடியாது. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். கடைசியில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது.

என் மகள் குடும்பம் பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது பிள்ளைகள் பிரான்சில் இருப்பார்கள். பேத்திக்கு 13 வயது. அவர்கள் ஊர் நகராட்சி இசைப்பள்ளியில் மூன்று வருடமாக 'கிளாவ்சேன்' படிக்கிறாள். ஆங்கிலத்தில் ஹார்ப்சிகார்ட் என்பார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வாசித்துக் காட்டினாள். மெதுவான, கனமான இசை.

"என்னம்மா இது, துக்க வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கே?" என்றேன்.

"இல்ல ஆயா, இது டான்ஸ். பேரு சரபாந்து."

"டான்ஸா? இதுக்கு எப்படி ஆடுவாங்க?"

"தெரியல. எங்க மிஸ்ஸைக் கேட்டேன். இப்ப யாரும் ஆடறதில்ல, வாசிக்கிறதோட சரின்னாங்க. நீ ஹிஸ்டரி பாடம்லாம் எடுத்தவதானே, நீயே கண்டுபிடிச்சுச் சொல்லு."

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து 33 வருடம் பிள்ளைகளுக்கு சமூக அறிவியல் சொல்லிக் கொடுத்தவள். மேற்கத்திய இசை எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளை கேள்வி கேட்டுவிட்டால் சும்மா இருக்க முடியாது, தொழில் வியாதி. தேட ஆரம்பித்தேன். தேடித் தெரிந்துகொண்டதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கருவி. பார்ப்பதற்குப் பியானோவின் தாத்தா மாதிரி இருக்கும். உள்ளே நடப்பது வேறு. பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு சுத்தியல் கம்பியை அடிக்கும். ஹார்ப்சிகார்டில் ஒரு மெல்லிய மரத்துண்டு மேலே எழும்பும். அதில் செருகியிருக்கும் பறவை இறகின் தண்டு கம்பியைச் சுண்டிவிடும். வீணையில் விரல் செய்வதை இங்கே இறகு செய்கிறது. அதனால் பலமாக அழுத்தினாலும் லேசாக அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவுதான். வாசிப்பவர் தன் உணர்ச்சியை ஏற்றி இறக்கிக் காட்டச் சத்தத்தை நம்ப முடியாது. எங்கே ஒரு நொடி தாமதிப்பது, எங்கே ஒரு சிறு அசைவைச் சேர்ப்பது என்பதில்தான் எல்லாம்.

அடுத்தது, அவள் வாசித்த உருப்படி. அது ஒரு 'ஸ்வீத்'தின் பகுதி. இனிப்புக் கடை இல்லை. பிரெஞ்சில் 'ஒன்றன்பின் ஒன்றாக வருவது' என்று பொருள். பல நாட்டு ஆட்ட மெட்டுகளை எடுத்து, ஒரே ஆதார சுரத்தில் வைத்து, வரிசையாகக் கோத்த மாலை. பொதுவாக நான்கு ஆட்டங்கள் முக்கியம். அல்மாந்து என்றால் 'ஜெர்மன்காரருடையது'. நிதானமான நாலு எண்ணிக்கை. கூராந்து என்றால் 'ஓடுவது'. பெயருக்குத்தான் ஓட்டம், பிரெஞ்சு அரசவையில் அது கம்பீரமாக நடந்தது. மூன்றாவது சரபாந்து. கடைசியில் ஜீக், ஆங்கில நாட்டு 'ஜிக்' ஆட்டம், நம் 'தகிட தகிட' போலத் துள்ளும். ஒவ்வோர் ஆட்டமும் இரண்டு பாதியாக இருக்கும். ஒவ்வொரு பாதியையும் இரண்டு முறை வாசிப்பார்கள். இரண்டாம் முறை வாசிக்கும்போது கை வேலைப்பாட்டைக் காட்டலாம்.

பேத்தி வாசித்தது எலிசபெத் ழாக்கே த லா கேர் என்ற பெண்மணி இயற்றியது. 1665-ல் பாரிசில் பிறந்தவர். அப்பா ஆர்கன் வாசிப்பவர். சிறுமியாக இருக்கும்போதே பதினான்காம் லூயி மன்னர் முன் வாசித்துப் பெயர் வாங்கினார். 1687-ல் தன் முதல் புத்தகத்தை அச்சில் கொண்டுவந்தார். நான்கு ஸ்வீத்துகள். வெகுகாலம் அந்தப் புத்தகம் தொலைந்துபோனது என்றே நினைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் வெனிஸ் நகர நூலகம் ஒன்றில் ஒரு பிரதி கிடைத்தது. அது கிடைக்காமல் போயிருந்தால் என் பேத்தி அன்று அதை வாசித்திருக்க முடியாது.

அதில் முதல் ஸ்வீத்தின் தொடக்க உருப்படி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. தாளம் தெளிவாக எழுதப்படாத முன்னுரை அது. எந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது என்பதைப் பெரும்பாலும் வாசிப்பவரே முடிவு செய்ய வேண்டும். நம் ஆலாபனை நினைவுக்கு வந்தது. அதன் பிறகுதான் தாளத்தோடு ஆட்டங்கள் வருகின்றன.

1687 என்றதும் நம் ஊர் என்ன நிலையில் இருந்தது என்று யோசித்தேன். பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்தது 1674. அந்த அம்மையார் புத்தகம் போட்ட காலத்தில் புதுச்சேரி கடலோரத்தில் ஒரு சிறிய கிட்டங்கி ஊர். 1693-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1697 ஒப்பந்தத்தின்படி 1699-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அதன் பிறகு எழுந்த கோட்டைக்கு அதே லூயி மன்னரின் பெயர். அம்மையார் தன் நூலைக் காணிக்கையாக்கியதும் அவருக்குத்தான். இன்று நாம் பிள்ளைகளை விளையாட அழைத்துப் போகும் பாரதி பூங்காப் பக்கம்தான் அந்தக் கோட்டை இருந்தது. 1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கோட்டை போய்விட்டது. அந்த நாளில் எழுதிய ஆட்ட மெட்டு ஒரு பிள்ளையின் விரலில் இன்னும் இருக்கிறது.

சரி, சரபாந்துக்கு வருவோம். பேத்தியின் கேள்வியே அதுதான்.

இந்தப் பெயர் எழுத்தில் முதலில் வருவது ஐரோப்பாவில் இல்லை. 1539-ல் பனாமாவில் எழுதப்பட்ட ஒரு கவிதையில். ஸ்பெயின்காரர்கள் அமெரிக்க நாடுகளைப் பிடித்து அரைநூற்றாண்டுகூட ஆகாத நேரம். பிறகு ஸ்பெயினுக்குள் வருகிறது. பாட்டும் ஆட்டமுமாக, இடுப்பை அசைத்து வேகமாக ஆடுவது. தெருவில் ஆடினார்கள், நாடகக் கொட்டகையில் ஆடினார்கள். பெரிய மனிதர்களுக்குப் பொறுக்கவில்லை. 1583-ல் அரசாங்கம் தடை போட்டது. சரபாந்து பாடினால் ஆணுக்கு 200 கசையடி, ஆறு வருடம் கப்பலில் துடுப்புத் தள்ளும் தண்டனை. பெண்ணுக்கு நாடு கடத்தல். மரியானா என்ற பாதிரியார் இந்த ஆட்டத்தைக் கண்டித்துத் தன் நூலில் ஓர் அத்தியாயமே எழுதினார்.

தடை போட்டு ஆட்டம் நின்றதா? இல்லை. எல்லை தாண்டிப் பிரான்சுக்குப் போனது. போன இடத்தில் உடை மாற்றிக்கொண்டது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவையில் சரபாந்து மெதுவாக, கனமாக, மரியாதையாக ஆகிவிட்டது. மூன்று எண்ணிக்கை. அதில் இரண்டாவதில் பாரம் விழும். மேசையில் தட்டிப் பாருங்கள்: ஒன்று, இரண்ண்டு, மூன்று. அந்த இரண்டில் ஒரு சின்னத் தயக்கம் கேட்கும். கால் தரையில் பதிந்து நின்று அடுத்த அடிக்கு யோசிப்பது மாதிரி.

பதினான்காம் லூயியே நல்ல ஆட்டக்காரர். 1661-ல் நடனத்துக்கென்று ஓர் அரசுக் கழகம் தொடங்கியவர். நேற்றுவரை கசையடிக்கு உரிய ஆட்டம் அவர் அவையில் நாகரிகத்தின் அடையாளம் ஆனது. பிறகு அங்கிருந்து ஹார்ப்சிகார்டுக்கு வந்தது. அங்கே ஆடுவோர் யாரும் இல்லை. ஒருவர் உட்கார்ந்து வாசிக்கிறார், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். பாக், ஹேண்டல் எல்லாரும் சரபாந்து எழுதினார்கள். ஹேண்டல் 1720-ல் தன் ஸ்வீத்துகளை லண்டனில் அச்சிட்டார். நம் ஊர் நூலகத்துக்குப் பெயர் கொடுத்த ரோமன் ரோலண்டு அந்த ஹேண்டலைப் பற்றி 1910-ல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். காந்தியைப் பற்றி எழுதியவர் என்றுதான் அவரை எனக்குத் தெரியும். அவர் இசை வரலாற்றுப் பேராசிரியர் என்பது இத்தனை வருடம் அந்த நூலகத்துக்குப் போய்வந்த எனக்கு இப்போதுதான் தெரிந்தது!

பாருங்கள். ஓர் ஆட்டம் கடல் கடந்து வந்தது. ஆடியவர்களை அடித்தார்கள். பிறகு அதே ஆட்டத்தை வாங்கி, கழுவி, வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஆட்டமே இல்லாமல் தாளம் மட்டும் மிஞ்சியது. முதலில் அதை ஆடிய பெண்களில் ஒருத்தி பெயரைக்கூட நான் படித்த எதிலும் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு நம் கதை ஞாபகம் வந்துவிட்டது.

நம்மிடமும் ஒரு வரிசை உண்டு. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் சதிராட்டத்துக்கு அமைத்துக் கொடுத்த ஒழுங்கு அது. அந்த ஸ்வீத்துக்கும் இதற்கும் உறவு கிடையாது. ஆனால் சின்னதில் தொடங்கி, கனத்ததைத் தாண்டி, கடைசியில் துள்ளலில் முடிக்கும் கணக்கு இரண்டிலும் இருக்கிறது. ஜீக்கும் தில்லானாவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: பார்த்தவர்களை உற்சாகமாக வீட்டுக்கு அனுப்புவது.

ஹார்ப்சிகார்டு இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. கல்கத்தாவில் கம்பெனி அதிகாரிகள் வீட்டில் இருந்தது. ஈரக்காற்றில் சுருதி நிற்காமல் அவதிப்பட்டார்கள். 1789-ல் வில்லியம் ஹாமில்டன் பேர்ட் என்பவர் கல்கத்தாவில் ஒரு புத்தகம் அச்சிட்டார். வடநாட்டில் நாச் ஆட்டங்களில் கேட்ட பாட்டுகளை ஹார்ப்சிகார்டில் வாசிக்கும்படி மாற்றி எழுதிய தொகுப்பு, 30 மெட்டுகள். இந்தப் பாட்டுகளைத் தாளக் கட்டுக்குள் கொண்டுவரப் பட்ட பாட்டை முன்னுரையில் சொல்லிக்கொள்கிறார். நம் தாளத்தைப் பற்றி ஒருவர் இப்படிச் சொன்னால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். அவர் காதுக்கு அது எட்டவில்லை, அவ்வளவுதான். அதே காலத்தில் லக்னோவில் சோபியா பிளவ்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணியும் இப்படிப் பாட்டுகளைச் சேகரித்தார். அவருக்குப் பாடிக்காட்டியவர்களில் கானும் ஜான் என்ற காஷ்மீரிப் பாடகியின் பெயராவது நமக்குக் கிடைத்திருக்கிறது.

இன்னொரு சம்பவம் நம் வாசலிலேயே நடந்தது. 1838-ல் தர்திவெல் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஒப்பந்தம் போட்டு, கடலூர்ப் பக்கம் திருவந்திபுரத்துத் தேவதாசிகள் ஐந்து பேரையும் மூன்று இசைக்காரர்களையும் கப்பலில் பிரான்சுக்கு அழைத்துப் போனார். மூத்தவர் தில்லையம்மாள், வயது 30. எல்லோரும் வியந்து பார்த்த அம்மணிக்கு 18. கடைக்குட்டி வேதம், வயது 6. மன்னர் லூயி பிலிப் முன்னால் ஆடினார்கள். பாரிஸ் அரங்கில் ஆடினார்கள், பிறகு லண்டன் போனார்கள். கோத்தியே என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் அவர்களைப் பற்றி எழுதினார். பார் என்ற சிற்பி அம்மணியை வெண்கலச் சிலையாக வடித்தார்.

அதற்கு எட்டு வருடம் முன்பே பாரிசில் 'பயதேர்' என்று, அதாவது இந்தியத் தேவதாசி என்று வேஷம் கட்டி மரீ தாலியோனி ஆடிப் பெரும் புகழ் வாங்கியிருந்தார். வேஷம் முதலில் வந்தது, நிஜம் பிறகு போய்ச் சேர்ந்தது.

பிறகு நம் நாட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1890-களில் நாச் எதிர்ப்பு இயக்கம். 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம். அந்தச் சட்டம் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். விவரம் தெரியாத வயதில் ஒரு பெண் குழந்தையின் வாழ்க்கையை மற்றவர்கள் தீர்மானிப்பதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அதற்குள் சதிர் பரதநாட்டியம் என்ற பெயரோடு வேறு வீடுகளுக்குப் போய் மரியாதை பெற்றுவிட்டது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காலில் வைத்துக் காப்பாற்றிய குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த மரியாதை போய்ச் சேரவில்லை. பாலசரஸ்வதி அம்மையார் போலச் சிலர்தான் தாக்குப்பிடித்து நின்றார்கள்.

இப்போது நான் சொல்ல வேண்டியது.

1990-களின் தொடக்கம். நான் கிராமப்புறத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். ஆண்டு விழா நடனத்துக்கு நான்தான் பொறுப்பு. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, "டீச்சர், நான் கரகம் ஆடட்டுமா?" என்று கேட்டாள். அவள் அம்மா கோயில் திருவிழாக்களில் கரகம் ஆடுபவர். பிள்ளை வராந்தாவிலேயே செம்பைத் தலையில் வைத்து, கை படாமல், நாலு சுற்றுச் சுற்றிக் குனிந்து தரையில் கிடந்த சாக்பீசை எடுத்துக் காட்டினாள். செம்பு அசையவில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் தெருவுல ஆடறது. பெரிய மனுஷங்க வர்ற விழாவுல ஆடற ஆட்டமா இது? போய்க் கும்மியில பின் வரிசையில நில்லு."

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. தலைமை ஆசிரியருக்கு இது தெரியவே தெரியாது. முழுக்க என் முடிவு. அவள் "சரி டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். விழா அன்று வரவில்லை. பின் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. நான் இன்னொரு பிள்ளையை அங்கே நகர்த்தி நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தேன். அடுத்த வருடமும் அவள் அதே பள்ளியில்தான் படித்தாள். என்னிடம் ஆட்டத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை. நானும் பேசவில்லை.

சில வருடம் கழித்து நகரத்தில் நடந்த ஒரு கலை விழாவில் கரகாட்டம் பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். அந்தப் பிள்ளை அப்போதுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. இப்போது, 1583 தடையைப் பற்றிப் படிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. கசையடி போடச் சொன்ன கனவான்கள் எங்கோ ஸ்பெயினில் இருந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டே படித்தேன். பாதியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பேத்திக்குப் பதில் சொல்ல வேண்டுமே. சொன்னேன். 1700-ல் ஃபெய்யே என்ற பிரெஞ்சு ஆசிரியர் ஆட்ட அடிகளைத் தாளில் எழுதும் முறையை அச்சிட்டிருக்கிறார். கால் போகும் பாதை கோலம் மாதிரிக் கோடாக இருக்கும். அதன் பக்கத்தில் எங்கே மடங்குவது, எங்கே எழும்புவது என்று சின்னச் சின்னக் குறிகள். அந்த முறையில் எழுதப்பட்ட சரபாந்துகள் இருக்கின்றன. அதைப் படித்து இன்றும் ஆடிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். "உங்க மிஸ் சொன்னது முழுசாச் சரியில்ல. தேடினா ஆட்டம் கிடைக்கும். ஆனா அது ராஜா வீட்டுச் சரபாந்து. அதுக்கு முன்னால தெருவுல ஆடினது கிடைக்காது. அதை யாரும் எழுதி வைக்கல" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் வாசிக்கும்போது அவங்களையும் நெனச்சுக்கட்டுமா ஆயா?" என்றாள்.

"நெனச்சுக்கோ. அந்த ரெண்டாவது தட்டுல நெனச்சுக்கோ" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை.

அந்த மாணவிக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். பெயரை இங்கே எழுதவில்லை; எழுத எனக்கு உரிமையும் இல்லை. இதைப் படித்தால் அவளுக்குத் தெரியும். அம்மா, நீ அன்று வராந்தாவில் ஆடியது நல்ல ஆட்டம். நான்தான் தப்புச் செய்தேன். இதை உன்னிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நண்பர்களே, இசை தெரிந்தவர்கள் நான் எழுதியதில் பிழை கண்டால் தயங்காமல் திருத்துங்கள். இந்த வருடம் உங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவில் எந்தப் பிள்ளையாவது வீட்டு ஆட்டத்தை ஆட வேண்டும் என்று கேட்டால், மேடையின் நடுவில் இடம் கொடுங்கள்.